மேல் பக்கத்தையும் கீழ்ப் பக்கத்தையும் சேர்த்த துளை: ஒரு சிறு வரலாறும் ஒரு திருத்தமும்

கடந்த தவணைப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு வாப்பா எழுந்து கேட்டார்: "சேர், பிள்ளையின்ட கையெல்லாம் மஞ்சள் கறை. சட்டையிலயும் பட்டு, உம்மா கழுவிக் கழுவிப் பாத்தும் போகுதில்ல. இந்த போட் எல்லாம் சீனாவுல ஓர்டர் பண்ணினா வீட்டுக்கே வருமாமே. பொறவு ஏன் பிள்ளைகளுக்கு இந்தக் கஷ்டம்?"

நியாயமான கேள்வி. அன்று நேரம் போதாமல் பாதிப் பதில்தான் சொன்னோம். மீதியை இங்கே எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எமது கண்காட்சியில் தண்ணீர்த் தொட்டி வழிந்து மண்டபம் நனைந்த கதை ஊருக்கே தெரியும். அன்று பலர் முன்னிலையில் நாங்கள் சொன்ன ஒரு விடயம் பிழையானது. பொதுவில் சொன்னதைப் பொதுவிலேயே திருத்த வேண்டும். அந்தத் திருத்தம் விளங்க வேண்டுமானால் முதலில் ஒரு துளையின் வரலாறு விளங்க வேண்டும்.

வீட்டில் பழுதான ரேடியோ, ரிமோட், போன் சார்ஜர் எதையாவது திறந்து பாருங்கள். பலகை ஒன்று இருக்கும். அதில் மெல்லிய செப்புப் பாதைகள் ஓடும். எமது ஊர்த் தெருக்கள் போலத்தான். ஒரு வித்தியாசம், தெருக்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லலாம்; செப்புப் பாதைகள் வெட்டிக்கொள்ளக் கூடாது. வெட்டினால் மின் மாறிப் பாய்ந்துவிடும். பாதைகள் கூடக் கூட ஒரு பக்கத்தில் இடம் போதாது. அப்போது பலகையின் மறுபக்கத்திலும் செப்பு ஒட்டி அங்கேயும் பாதைகளை ஓட விடுவார்கள். கீழே ஓடும் பாதை மேலே ஏற வேண்டிய இடத்தில் ஒரு துளை போடுவார்கள். ஆங்கிலத்தில் அந்தத் துளைக்கு 'வியா' என்று பெயர். அது இலத்தீன் சொல். எங்கள் மொழியில் சொன்னால் 'வழி'.

துளை போட்டால் மட்டும் வழி கிடைத்துவிடாது என்பதுதான் இந்த வரலாறு முழுவதும். செப்பு இருப்பது பலகையின் இரு முகங்களிலும்தான். நடுவில் உள்ளது கண்ணாடி நாரும் பிசினும். துளையின் சுவரில் மின் பாயாது. மேலிருந்து கீழே எதையாவது கொண்டு போய்ப் பிடிக்க வைக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று மனிதர்கள் அறுபது வருடங்கள் அளவில் தலையை உடைத்துக்கொண்டார்கள்.

1903ஆம் ஆண்டு பேர்லினில் இருந்த அல்பர்ட் ஹான்சன் என்பவர் பிரித்தானியாவில் ஒரு காப்புரிமை பெற்றார். அப்போது தொலைபேசி நிலையங்களில் வயர்கள் காடாக வளர்ந்திருந்த காலம். செப்புத் தகட்டைக் கீற்றுகளாக வெட்டி, மெழுகு ஊட்டிய தாளில் ஒட்டி, வயருக்குப் பதிலாகப் பாவிக்கலாம் என்றார் அவர். தாளின் ஒரு பக்கம் போதாதென்று இரண்டு பக்கமும் ஒட்டினார். மேலும் கீழும் சேர வேண்டிய இடங்களில் துளை வைத்து, அந்தத் துளையில் இரு பக்கக் கீற்றுகளையும் சேர்த்தார். அன்று டிரான்சிஸ்டர் இல்லை. வானொலி நிலையங்களும் இல்லை. ஆனாலும் இன்று எமது மாணவர்கள் முட்டிக்கொள்ளும் அதே பிரச்சினை அப்போதே மேசைக்கு வந்துவிட்டது.

அச்சடித்த மின்சுற்றுப் பலகை என்று நாம் இன்று சொல்வதோடு அதிகம் சேர்த்துச் சொல்லப்படும் பெயர் போல் ஐஸ்லர். 1907இல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பொறியியல் பட்டம் பெற்றும் சொந்த ஊரில் அவருக்குச் சரியான தொழில் அமையவில்லை. ஐரோப்பாவில் யூதர்களுக்கு எதிரான வெறுப்பு ஏறிக்கொண்டிருந்த நேரம். இடையில் அச்சுத் துறையில் வேலை செய்தார். பத்திரிகை எப்படி அச்சாகிறது என்பதை அங்கேதான் கண்டுகொண்டார். 1936இல் இங்கிலாந்து சென்று, லண்டனில் ஒரு வாடகை அறையில் இருந்தபடி, அச்சு முறையில் செய்த சுற்றைக் கொண்டு ஒரு வானொலிப் பெட்டி செய்தார். அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. வயர்களைக் கையால் ஒட்டுவதற்குக் குறைந்த கூலிக்கு ஆட்கள் இருந்தார்கள்; புது முறை எதற்கு என்பதுதான் அன்றைய தொழிற்சாலைகளின் கணக்கு.

போர் வந்ததும் அவர் நிலை இன்னும் மோசமானது. எந்த ஆட்சிக்குப் பயந்து ஓடி வந்தாரோ, அந்த நாட்டுக்காரர் என்ற கணக்கில் பிரித்தானியா அவரை 1940இல் தடுத்து வைத்தது. விடுதலையான பின்னர் லண்டனில் இசைத் தாள்கள் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தோடு சேர்ந்து தன் வேலையைத் தொடர்ந்தார். 1943 பெப்ரவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். செப்புத் தகடு முழுவதையும் பலகையில் ஒட்டிவிட்டு, வேண்டிய பாதைகளை மட்டும் மையால் மூடி, மீதியை இரசாயனத்தால் அரித்து எடுப்பது அவர் முறை. பிள்ளைகளின் கையில் மஞ்சள் கறை வைப்பதும் இதே முறைதான். பெரிக் குளோரைட் கரைசலில் பலகையைப் போட்டு ஆட்டும்போது படுகிற கறை அது. இடம்பெயர்ந்து வாழ்வது என்றால் என்னவென்று அறிந்த ஊர்கள் எம்மிலும் உண்டு. ஒரு வாடகை அறையில் இருந்த அகதியின் யோசனைதான் இன்று எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கும் போனுக்குள் கிடக்கிறது.

அதே போர்க்காலத்தில் அமெரிக்காவில், எறிகணை இலக்கை நெருங்கும்போது தானாக வெடிக்கச் செய்யும் கருவிக்குள் வைக்க, பீங்கான் தட்டில் வெள்ளி மையால் சுற்றுகளை அச்சிட்டார்கள். போர் முடிந்ததும் இந்த நுட்பங்கள் வெளியே வந்தன. 1949இல் அமெரிக்க இராணுவத்தின் சமிக்ஞைப் படையைச் சேர்ந்த ஏப்ரம்சன், டான்கோ என்ற இருவர் இன்னொரு வசதியைக் கண்டார்கள். பாகங்களின் கால்களைப் பலகைத் துளைகளில் செருகி, பலகையின் அடிப்பக்கத்தை உருகிய ஈயத்தில் ஒரே தடவையில் தோய்த்து எடுத்தார்கள். நூறு இடத்தில் தனித்தனியாக ஈயம் வைக்கும் வேலை ஒரே முக்கில் முடிந்தது.

இதனால் 1950களில் ரேடியோக்கள் மலிவாகின. ஆனால் கவனியுங்கள், இந்தப் பலகைகளில் பெரும்பாலானவை ஒரு பக்கப் பலகைகள். பாதை பாதையை வெட்ட வேண்டி வந்தால் மேல் பக்கத்தில் ஒரு துண்டு வயரைப் பாலம் போலப் போட்டுவிடுவார்கள். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்து ஜப்பான் ரேடியோக்களும், மத்திய கிழக்கிலிருந்து ஊர்க்காரர் கொண்டு வந்த கெசட் ரெக்கோடர்களும் வீடுகளுக்கு வந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவற்றின் உள்ளே மண்ணிறப் பலகையில் வரிசையாக நின்ற சின்னச் சின்ன வயர்த் துண்டுகள் அந்தப் பாலங்கள்தான். இரண்டாவது பக்கத்தின் தொல்லையை எடுக்காமல் தப்பிக்கும் வழி அது. நல்ல வழியும்கூட.

தப்ப முடியாத காலம் அடுத்து வந்தது. 1958இல் ஜாக் கில்பியும் 1959இல் ரொபர்ட் நொய்ஸும் ஒருங்கிணைந்த சுற்றை, அதாவது நாம் ஐசி என்று சொல்லும் சில்லை, வெவ்வேறு முறைகளில் உருவாக்கினார்கள். 1960களின் நடுப்பகுதியில் இரண்டு வரிசைக் கால்களோடு, பூரான் போன்ற ஐசி சந்தைக்கு வந்தது. கால்களுக்கு இடையில் 2.54 மி.மீ. மட்டுமே. பதினான்கு கால்கள் ஒரு விரல் நுனியளவு இடத்தில் நின்றால் பாதைகள் எங்கே போகும்? பலகையின் இரண்டு பக்கமும் தேவைப்பட்டது. துளையின் பிரச்சினை முழு வேகத்தோடு திரும்பி வந்தது.

அப்போது மூன்று வழிகள் பாவனையில் இருந்தன.

முதலாவது, ஒரு துண்டுக் கம்பி. துளையில் விட்டு, இரு பக்கமும் மடித்து, இரு பக்கமும் ஈயம் வைப்பது. மெதுவான வேலை. ஆனால் நம்பலாம்.

இரண்டாவது, உலோகக் கண்ணி. சப்பாத்து லேஸ் போடும் துளையில் ஒரு சிறிய உலோக வளையம் இருக்கிறதல்லவா, அதே மாதிரிச் சின்னது ஒன்று. துளையில் விட்டு இரு பக்கமும் அடித்து விரித்தால், மேல் செப்பையும் கீழ் செப்பையும் பிடித்துக்கொள்ளும். பார்க்க அழகு; வேகமான வேலை. ஆனால் இது பல பொறியியலாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தது.

காரணம் வெப்பம். கண்ணாடி நார்ப் பலகை சூடாகும்போது தடிப்புப் பக்கமாகச் செப்பை விட மூன்று நான்கு மடங்கு கூடுதலாக விரிகிறது. எமது வகுப்பில் இதைக் கணக்காகவே செய்தோம். 1.6 மி.மீ. தடிப்புள்ள பலகை 30 பாகை சூடேறினால் ஏறக்குறைய 3 மைக்ரோமீற்றர் தடிக்கிறது. அதே நீளச் செப்பு நீள்வது 1 மைக்ரோமீற்றருக்கும் குறைவு. வித்தியாசம் 2 மைக்ரோமீற்றர். தலைமுடியின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அடித்து விரித்த கண்ணி செப்பைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தால், இந்த அசைவு அதைப் பிரிக்கப் போதும். சூடேறும்போது பிரியும், ஆறும்போது மறுபடி தொடும். திருத்துபவர் மீற்றரை வைக்கும்போது எல்லாம் சரியாகக் காட்டும். ரிப்பயார் செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரேயடியாகப் பழுதான பொருளை விட, இடைக்கிடை பழுதாகும் பொருள்தான் பெரிய தலையிடி.

இப்படிப்பட்ட பழுதுகளால் அச்சுப் பலகைக்கே சந்தையில் கெட்ட பெயர் வந்தது. அமெரிக்காவில் சேனித் கொம்பனி தன் தொலைக்காட்சிப் பெட்டிகளில் அச்சுப் பலகை இல்லை, எல்லாம் கையால் வயர் போட்டவை என்று அதையே பெருமையாக விளம்பரம் செய்தது. விண்வெளிக் கருவிகள் செய்யும் நாசாவின் தரவிதிகளிலும் முலாம் பூசாத துளைக்குச் சொல்லப்பட்டது பழைய முதலாவது வழிதான்: கம்பியை விடு, மடி, இரு பக்கமும் ஈயம் வை.

மூன்றாவது வழிதான் இன்று உலகம் முழுக்க நிலைத்திருப்பது. துளையின் சுவருக்கே செப்பு முலாம் பூசுவது. சொல்ல இலகு. ஆனால் மின்முலாம் பூச வேண்டுமானால் அந்த மேற்பரப்பில் முதலில் மின் பாய வேண்டும். பிசின் சுவரில் மின் பாயாது. உயர்தர மாணவர்கள் இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். மின் இல்லாமல் முதல் படைச் செப்பை எப்படி ஒட்டுவது?

விடை இரசாயனத்தில் இருந்தது. செப்பு உப்புக் கரைசலில் போமலின் போன்ற ஒரு தாழ்த்தியைச் சேர்த்தால் செப்பு தானாகவே உலோகமாகப் படியும். விஞ்ஞான ஆய்வுகூடத்தில் தவளையைப் போட்டு வைத்திருக்கும் அதே போமலின்தான். ஆனால் அது படிவதற்கு ஒரு விதை வேண்டும். பலேடியம் என்ற விலையுயர்ந்த உலோகத்தின் மிக நுண்ணிய துணிக்கைகள் அந்த விதை. அந்த விதையைப் பிசின் சுவரில் நம்பகமாக ஒட்ட வைப்பதுதான் சிக்கலாக இருந்தது.

சார்ள்ஸ் ஷிப்லியும் அவர் மனைவி லூசியாவும் 1957இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சிறிய கொம்பனியை ஆரம்பித்தார்கள். பலேடியத்தையும் வெள்ளீயத்தையும் ஒன்றாகச் சேர்த்த ஒரு கூழ்மக் கரைசலை ஷிப்லி உருவாக்கினார். அதற்கு 1961 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. பலகையை அந்தக் கரைசலில் தோய்த்தால் துளைச் சுவர் முழுக்க விதை விழும். பிறகு செப்புக் கரைசலில் தோய்த்தால் 1 மைக்ரோமீற்றரை எட்டாத ஒரு மெல்லிய செப்புப் படை வரும். அது போதும். இப்போது சுவரில் மின் பாயும். அதன் பின்னர் வழமையான மின்முலாம் மூலம் 20 அல்லது 25 மைக்ரோமீற்றர் வரை தடிக்க வைக்கலாம். மேல் செப்பு, சுவர்ச் செப்பு, கீழ்ச் செப்பு மூன்றும் ஒரே உலோகமாகிவிடும்.

இந்த இடத்தில்தான் தொழிற்சாலையும் வீடும் பிரிந்தன. தொழிற்சாலைகள் மூன்றாவது வழியில் போனார்கள். நான்கு அடுக்கு, எட்டு அடுக்கு என்று ஏறினார்கள். வீட்டு மேசையில் பலகை செய்பவர்கள் முதலாவது வழியிலேயே நின்றார்கள். பலேடியம் வாங்க வழியில்லை. போமலின் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. உலகின் பல இடங்களில் ஆர்வலர்கள் வேறு வழிகளைத் தேடினார்கள். சிலர் துளைக்குள் கரி மை பூசி, மயில் துத்தக் கரைசலில் மின்முலாம் பூசினார்கள். சிலர் ஊசி போன்ற மெல்லிய செப்புக் குழாய்களை வாங்கிச் செருகினார்கள். பெரும்பாலானோர் செய்தது, தடையியின் காலை வெட்டும்போது மிஞ்சும் துண்டை எடுத்துத் துளையில் விட்டு இரு பக்கமும் ஈயம் வைப்பது. பணம் செலவில்லாத வழி. 1903இலிருந்து பார்த்தால், அடிப்படையில் அதே ஹான்சனின் வழி.

எமது கழகமும் அந்த வழியில்தான் வந்தது. 2022ஐ நினைத்துப் பாருங்கள். டொலர் இல்லை. மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. பெற்றோல் வரிசையில் இரவு விடிந்தது. வெளிநாட்டிலிருந்து பலகை எடுப்பிப்பதை யாரும் நினைக்கவே இல்லை. அந்த நாட்களில்தான், கையில் இருப்பதை வைத்துச் செய்து பார்ப்போம் என்று நாங்கள் இரண்டு ஆசிரியர்களும் ஏழு மாணவர்களும் தொடங்கினோம். கடதாசியில் லேசர் பிரின்டரால் அச்செடுத்து, அயன் பெட்டியால் தேய்த்து மையைச் செப்பில் ஏற்றினோம். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு இது படிப்பிக்கப்படவில்லை. பிள்ளைகளோடு சேர்ந்துதான் நாங்களும் படித்தோம்.

இனி கண்காட்சிக்கு வருவோம்.

பாடசாலைத் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் பம்பைத் தானாக நிறுத்தும் கருவி. இரு பக்கப் பலகை. பதினேழு இடங்களில் மேலும் கீழும் இணைய வேண்டும். பதினாறு இடங்களில் கம்பித் துண்டு விட்டு இரு பக்கமும் ஈயம் வைத்தோம். பதினேழாவது இடம், தொட்டியின் மிதவையிலிருந்து வரும் பாதை ஐசியின் காலைச் சேரும் இடம். அங்கே ஐசி சொக்கெட்டின் காலே துளை வழியாகப் போவதால் தனிக் கம்பி தேவையில்லை என்று நாங்கள்தான் சொன்னோம். சொக்கெட்டைப் பொருத்திய பிறகு அதன் உடம்பு மேல் பக்கச் செப்பு வளையத்தை மூடிக்கொண்டது. சோல்டரிங் அயன் உள்ளே போகவில்லை. கீழே மட்டும் ஈயம் வைத்தோம். மீற்றரை வைத்தோம், 'பீப்' என்றது. சரி என்று விட்டோம்.

வகுப்பறையில் மூன்று நாள் ஒழுங்காக வேலை செய்தது. கண்காட்சி அன்று தகரக் கூரை மண்டபம், பகல் வெயில், பக்கத்தில் சூடேறும் வோல்ட்டேஜ் சீராக்கி. விருந்தினர் வந்து நின்றபோது தொட்டி நிரம்பியது. பம்ப் நிற்கவில்லை. தண்ணீர் மேசையில் வழிந்து, நிலத்தில் ஓடி, முன்வரிசையில் இருந்தவர்களின் கால் நனைந்தது.

எங்களுக்கு வெட்கம். அந்த வெட்கத்தில் ஒலிவாங்கியிலேயே சொன்னோம்: "புரோகிராம்ல ஒரு பிழை. எழுதின மாணவன் சரியாகப் பாக்கல்ல." அந்த மாணவன் மேடைக்குப் பக்கத்தில்தான் நின்றான். தலையைக் குனிந்துகொண்டு தண்ணீரைத் துடைத்தான். அடுத்த வாரம் கழகத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வரும் வழியில் சில பிள்ளைகள் அவனை 'தண்ணி' என்று கூப்பிட்டதாகப் பிறகுதான் அறிந்தோம்.

நாங்கள் புரோகிராமை இரண்டு தடவை முழுதாக வாசித்தோம். பிழை எதுவும் அகப்படவில்லை. பிறகு பலகையைத் தூக்கிக்கொண்டு, ஊரில் நாற்பது வருடமாக ரேடியோ ரிப்பயார் செய்யும் நானாவிடம் போனோம். அவர் மீற்றரை எடுக்கவில்லை. பலகையை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார். சொக்கெட்டை ஒரு விரலால் அமத்தினார்; விட்டார். மறுபடி அமத்தினார். மிதவை விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது.

"சேர், இது தொட்டுத்தான் ஈக்கிது. பிடிச்சி இல்ல" என்றார்.

முழு வரலாறும் அந்த ஒரு வசனத்தில் இருந்தது. அந்தக் காலக் கண்ணிகள் தந்த அதே பாடம். தொடுவது வேறு, பிடிப்பது வேறு. எங்களுடைய பதினேழாவது துளை மூன்று நாள் தொட்டுக்கொண்டு இருந்து, சூடேறியதும் விட்டுவிட்டது. மிதவையின் செய்தி ஐசிக்குப் போகவில்லை. செய்தி வராவிட்டால் தொட்டி இன்னும் நிரம்பவில்லை என்றுதான் கருவி எடுத்துக்கொள்ளும். அப்படி அமைத்ததும் நாங்களே. புரோகிராம் தனக்குச் சொல்லப்பட்டதைச் சரியாகவே செய்தது.

ஆகவே இங்கே தெளிவாக எழுதுகிறோம். கண்காட்சியில் ஏற்பட்ட பிழை அந்த மாணவனுடையது அல்ல. அவன் எழுதிய புரோகிராமில் பிழை இல்லை. பிழை பொறுப்பாசிரியர்களாகிய எங்களுடையது. ஒன்றல்ல, மூன்று பிழைகள். மேல் பக்கம் ஈயம் வைக்க முடியாத இடத்தில் இணைப்பை வைத்தது ஒன்று. வயர் அறுந்தால் பம்ப் நிற்கும்படி அமைக்காமல், ஓடும்படி அமைத்தது மற்றொன்று. காரணம் தேடாமல் ஒரு பிள்ளையின் பெயரை ஒலிவாங்கியில் போட்டது மூன்றாவதும் பெரியதும். முதல் இரண்டையும் ஒரு கம்பித் துண்டாலும் சில வரிகளாலும் திருத்தலாம். மூன்றாவதுக்குத்தான் இந்தப் பதிவு. அவனைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள்.

அவன் வீட்டுக்கும் நாங்கள் இருவரும் போனோம். வாப்பா கடையில் இருந்தார். உம்மா தேத்தண்ணி தந்தார். நடந்ததை எல்லோர் முன்னிலையிலும் சொன்னோம். அவன் "பரவாயில்ல சேர்" என்றான். அந்தச் சொல்லில் பரவாயில்லாத தன்மை இருக்கவில்லை. ஒரு மாதம் அளவில் கழித்து ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் வாசலில் வந்து நின்றான். "சேர், வயர் அறுந்தா பம்ப் நிக்கிற மாதிரி மாத்தி எழுதட்டா?" என்று கேட்டான். இப்போது பாடசாலைத் தொட்டியில் ஓடுவது அவன் மாற்றி எழுதியதுதான்.

வீட்டில் இரு பக்கப் பலகை செய்யும் பிள்ளைகளுக்காக, அந்தத் தண்ணீரில் நனைந்து நாங்கள் படித்ததை இங்கே போடுகிறோம்:

1. முதலில் ஒரு பக்கப் பலகையில் முடியுமா என்று பாருங்கள். நாலைந்து பால வயர்களால் தீரும் என்றால் இரண்டாவது பக்கம் வேண்டாம்.

2. இரு பக்க அச்சுகளையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பொருத்தி, ஓரங்களை ஒட்டி, கடித உறை போலச் செய்து அதற்குள் பலகையை விடுங்கள். அரை மி.மீ. விலகினாலும் துளை செப்பு வளையத்தைத் தவறவிடும். 0.8 மி.மீ. துளைக்கு வளையம் 2 மி.மீ. அளவில் இருக்கட்டும்.

3. சொக்கெட், ரிலே, பெரிய கொள்ளளவி இவற்றின் உடம்புக்குக் கீழே இணைப்பு வைக்காதீர்கள். பாதையைச் சற்று வெளியே கொண்டு வந்து, அங்கே தனித் துளை போட்டு, கம்பி விடுங்கள்.

4. இணைப்புக் கம்பிகளை முதலில் முடியுங்கள். பாகங்களை அதற்குப் பிறகு பொருத்துங்கள்.

5. கம்பியை இரு பக்கமும் மடித்து ஈயம் வையுங்கள். ஒரு பக்கம் சூடாக்கும்போது மறுபக்கம் கழன்று விழாமல் மடிப்பு பிடித்துக்கொள்ளும்.

6. மீற்றர் வைக்கும்போது பலகையை மெதுவாக வளைத்தும், சற்றுச் சூடாக்கியும் பாருங்கள். ஆறிய மேசையில் வரும் 'பீப்' சாட்சியல்ல.

7. கையுறை, கண்ணாடி கட்டாயம். பாவித்த பெரிக் குளோரைட் கரைசலை வடிகானிலோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள். அதில் செப்பு கரைந்திருக்கிறது. பிளாஸ்டிக் போத்தலில் மூடி, பெயர் எழுதி, பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள். ஈயம் வைத்த கையைக் கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம்.

இனி அந்த வாப்பாவின் கேள்விக்கு. உண்மைதான், இன்று பலகையை வெளிநாட்டில் எடுப்பிக்கலாம். துளைகள் எல்லாம் முலாம் பூசி, எங்களுடையதை விட ஆயிரம் மடங்கு நேர்த்தியாக வரும். வேலைக்குப் பாவிக்கும் கருவி என்றால் நாங்களும் அதையே சொல்வோம். அடுத்த வருடம் தொட்டிக்கு அப்படி ஒன்றை எடுப்பிக்கவும் எண்ணம் இருக்கிறது. ஆனால் எடுப்பித்த பலகையில் துளையைப் பார்க்கும் பிள்ளைக்கு அது வெறும் புள்ளி. தன் கையால் பதினேழு கம்பி விட்ட பிள்ளைக்கு, அந்தப் புள்ளிக்குள் ஒரு சுவர் இருக்கிறது, அந்தச் சுவரில் செப்பு ஏற அறுபது வருடம் சென்றது என்று தெரியும். பழுதானால் எங்கே தேடுவது என்றும் தெரியும். கப்பல் வராத காலம் ஒன்று மறுபடி வந்தாலும் அவன் கையைக் கட்டிக்கொண்டு இருக்க மாட்டான்.

கறைக்கு மட்டும் எங்களிடம் நல்ல பதில் இல்லை. இந்தத் தவணையிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் பழைய சட்டை ஒன்று கொடுத்தனுப்புங்கள். உம்மாமார் எங்களை மன்னிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழுதான ரேடியோ, டீவீ, கம்ப்யூட்டர் பலகைகள் வீட்டில் கிடந்தால் குப்பையில் போட வேண்டாம். பாடசாலை அலுவலகத்தில் கொடுங்கள். புதன்கிழமை பின்னேரங்களில் நானாவும் வந்து பிள்ளைகளுக்கு ஈயம் வைக்கப் பழக்குவதாகச் சொல்லியிருக்கிறார். ஆசிரியர்களாகிய நாங்களும் அன்று பிள்ளைகளின் வாங்கில்தான் இருப்போம்.